வீட்டுத் தோட்டம்: மரத்தடி நிலம்

இந்த நாட்டில் வீடு வாங்கிய நம்மவர்கள் பலருக்கு வீட்டோடு ஒரு மரமும் சேர்ந்தே கிடைத்திருக்கிறது. பின்வளவின் கோடியில் ஒரு சிக்கமோர், அல்லது முன்பக்கத்தில் ஒரு செரி, அல்லது அயலவர் வேலிக்கென்று நட்டு, பின்னர் கத்தரிக்காமல் விட்டதால் 30 அடிக்கு எழுந்துவிட்ட லேலண்டி. கோடையில் நிழல் கிடைக்கிறது, அது நல்லதே. ஆனால் அதன் கீழே கிடக்கும் நிலந்தான் தலையிடி. புல் விதை தூவினால் சித்திரையில் முளைத்து, ஆடியில் மஞ்சளாகி, புரட்டாதிக்குள் இருந்த இடம் தெரியாமற் போய்விடும். அடுத்த வருடம் மறுபடியும் ஒரு பெட்டி விதை. நிழலுக்கு ஏற்ற புல் என்று தனியாக எழுதிக் கூடிய விலைக்கும் விற்கிறார்கள். மெல்லிய நிழலில் அது நிற்கும். அடர்ந்த மரத்தடியில் அதுவும் புல்தானே!

புல் ஏன் நிற்பதில்லை என்று கேட்டால் வெளிச்சம் போதாது என்பார்கள். அது பாதிக் காரணம். மற்றப் பாதி தண்ணீர்.

இலண்டனில் எந்நேரமும் மழை என்பது ஊரில் இருப்பவர்களின் எண்ணம். இங்கே 40 வருடம் இருந்தவர்களும் அப்படியே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கணக்கைப் பார்த்தால் வேறு. யாழ்ப்பாணத்தில் வருடத்துக்கு 1200 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. சென்னையில் அதைவிடவும் அதிகம். இலண்டனிலோ ஏறக்குறைய 600 மில்லிமீற்றர்தான். ஊரில் பெரும்பங்கு மழை ஐப்பசி முதல் மார்கழி வரையில் அடித்துக் கொட்டிவிடும். இங்கே வருடம் முழுவதும் சிறுகச் சிறுகத் தூறுகிறது. அந்தத் தூறல் மரத்தின் இலைகளை நனைக்கும்; கிளைகளை நனைக்கும்; பின்னர் காற்றில் உலர்ந்து போகும். மண்ணுக்கு வந்து சேர்வது சொற்பம். வந்து சேர்வதையும் மரம் தானே குடித்துவிடும். மரத்தின் வேர் ஆழமாகப் போகிறதென்று பலர் நினைப்பதுண்டு. உண்மையில் தண்ணீரையும் உணவையும் எடுக்கும் மெல்லிய வேர்களிற் பெரும்பகுதி மேல் 60 சென்ரிமீற்றர் மண்ணுக்குள்ளேயே, கிளைகள் பரந்த எல்லைக்கு அப்பாலும் ஓடிக்கிடக்கின்றன. ஆகவே மழைக்காலத்திலும் ஒரு சிக்கமோரின் கீழே கையால் மண்ணைக் கிளறினால் தூசு பறக்கும். நிழலும் வறட்சியும் ஒன்றுசேர்ந்த இடம் அது. தோட்டக்காரருக்கு இதைவிடக் கடினமான இடம் குறைவு.

இந்த இடத்தில்தான் மரத்தையே வெட்டிவிட்டால் என்ன என்ற யோசனை பிறக்கிறது. அவசரப்படக் கூடாது. பல மரங்கள் கவுன்சிலின் பாதுகாப்பு உத்தரவின் கீழ் உள்ளன. மரம் சொந்த வளவுக்குள் நின்றாலும் அனுமதியின்றி வெட்டுவதும், ஏன், பெரிதாகக் கத்தரிப்பதுமே குற்றம். தண்டப்பணம் ஆயிரக்கணக்கான பவுண்ஸ்களுக்குப் போகலாம். பாதுகாக்கப்பட்ட பகுதி என்று அறிவிக்கப்பட்ட தெருக்களில், உத்தரவு இல்லாத மரமாயினும், நிலத்திலிருந்து 1.5 மீற்றர் உயரத்தில் அதன் தண்டு 7.5 சென்ரிமீற்றர் விட்டத்துக்கு மேற்பட்டிருந்தால் ஆறு வாரம் முன்னதாகவே கவுன்சிலுக்கு அறிவிக்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளக் கவுன்சிலின் மரப் பிரிவுக்கு ஒரு தொலைபேசி அழைப்புப் போதும். இலண்டன் களிமண்ணில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. பெரிய மரம் ஒன்றை ஒரேயடியாக அகற்றினால் அது இதுவரை குடித்துவந்த நீரெல்லாம் மண்ணில் தங்கி, களி உப்பி, வீட்டின் அத்திவாரத்தையே தூக்கிவிடவும் கூடும். சீமெந்து பூசி மூடிவிடலாம் என்பாருக்கும் ஒரு சொல்: 2008 ஒக்டோபர் முதல் இங்கிலாந்தில் முன்வளவில் 5 சதுர மீற்றருக்கு மேல் நீர் வடியாத தளம் போட்டு, மழைநீரை வளவுக்குள்ளேயே வடியவிடாவிட்டால், திட்ட அனுமதி வேண்டும்.

ஆகவே மரத்தோடு கூடிவாழும் வழியைப் பார்ப்பதே நல்லது. இதில் இந்த நாட்டவருக்குப் பாடம் சொல்லித்தந்தவர் பெத் சாட்டோ என்ற அம்மையார். எசெக்ஸ் மாவட்டத்தில், கொல்செஸ்டருக்கு அருகே, இங்கிலாந்திலேயே மழை மிகக் குறைந்த பகுதியொன்றில், கணவரின் பழத்தோட்டத்தில் எதற்கும் உதவாதென்று விடப்பட்ட நிலத்தை 1960இல் தோட்டமாக்கத் தொடங்கினார். இடத்துக்கு ஏற்ற செடியைத் தேடு, செடிக்காக இடத்தை வதைக்காதே என்பது அவர் கொள்கை. 1978இல் வறண்ட தோட்டத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 1987 ஒக்டோபரில் வீசிய பெரும்புயல் அவருடைய ஓக் மரங்களிற் பலவற்றைச் சாய்த்துவிட, எஞ்சிய மரங்களின் கீழே நிழற்தோட்டம் ஒன்றை அமைத்து, அதைப் பற்றியும் பின்னர் நூல் எழுதினார். 2018இல் தமது 94ஆவது வயதில் காலமானார். தோட்டம் இன்றும் திறந்திருக்கிறது. குடும்பத்தோடு ஒருநாட் பயணம் போய்வரத் தக்க இடம்.

செடிகளுக்கு வருமுன் மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லப்போனால் செடியைவிட இதுவே முக்கியம்.

ஊரில் மாமரத்தடியும் வேப்பமரத்தடியும் எப்படி இருக்கும்? விடியற்காலையில் கூட்டி, சாணித்தண்ணீர் தெளித்து, ஈர்க்குமாற்றின் கோடு தெரிய வெறும் மணலாக இருக்கும். அதுவே அழகு, அதுவே இலட்சுமிகரம். ஒரு சருகு கிடந்தால் அந்த வீட்டுப் பெண்களைப் பற்றி ஊர் கதைக்கும். அந்தப் பழக்கத்தோடு இங்கு வந்த தாய்மார் இலையுதிர்காலத்தில் மரத்தடியைத் துப்புரவாகக் கூட்டி, சருகை எல்லாம் பையிற் கட்டிக் கவுன்சில் வண்டிக்குக் கொடுத்துவிடுகிறார்கள். வருடா வருடம் இது நடந்தால் மண் பட்டினி கிடக்கும். மரம் தன் வேருக்கென்று தானே போட்ட போர்வையையும் சோற்றையும் ஒன்றாக எடுத்துக் கொடுத்தது போலத்தான்.

ஹரோ பக்கத்தில் ஒரு வீட்டில் இதனாலேயே பெரிய மனத்தாங்கல் ஏற்பட்டது. மகன் எங்கோ வாசித்துவிட்டு வந்து, "அம்மா, இனிமேல் சருகு கூட்டாதேங்கோ, அது கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். தாயாருக்கு வயது 78. சமையல் மருமகளின் கைக்குப் போய்விட்டது. பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனால் பின்னேரம் வரையில் வீட்டில் ஒரு சத்தம் இல்லை. கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போக வெள்ளிக்கிழமை வரவேண்டும். அந்த மரத்தடியைக் கூட்டுவது ஒன்றுதான் காலையில் எழுந்ததும் அவருக்கென்று இருந்த வேலை. அதையும் வேண்டாம் என்றதும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. வெளியே இறங்குவதையே விட்டுவிட்டார். மூன்று கிழமைக்குப் பிறகு மருமகள்தான் விஷயத்தை விளங்கிக்கொண்டு வழி சொன்னார்: "மாமி, பாதையிலும் புல்லிலும் கிடக்கிற சருகை எல்லாம் நீங்கள் கூட்டி மரத்தடியிலே சேர்த்துத் தாருங்கோ. அங்கேதான் இப்போது தேவை." ஊரிலே குழை தாழ்த்த வயலையும் புகையிலைத் தோட்டத்தையும் கண்டவர் அவர். பூவரசங்குழையும் பனையோலையும் மண்ணுக்கு எவ்வளவு நல்லதென்று அவருக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. "இதை முதலே அப்படிச் சொல்லியிருக்கலாமே" என்று கேட்டாராம். இப்போது அயல் வீட்டுச் சருகையும் கேட்டு வாங்கிக்கொள்கிறார். சிக்கமோர் இலையைத் தடிப்பாக அப்படியே போட்டால் ஒட்டிக்கொண்டு சிறு செடிகளை மூடிவிடும் என்பதைக் கண்டு, புல்வெட்டும் இயந்திரத்தால் ஒருமுறை அரைத்துப் போடச் சொன்னவரும் அவர்தான்.

மிஞ்சுகிற சருகைக் கறுப்புப் பொலித்தீன் பையில் அடைத்து, தண்ணீர் தெளித்து, பையில் நாலைந்து துளை குத்தி, கராஜின் பின்னால் ஒரு வருடம் அல்லது இரண்டு வருடம் மறந்துவிட்டால் கறுத்த பொடியாக இலைமக்கு கிடைக்கும். மரத்தடிக்கு அதைவிட நல்ல உரம் கடையில் இல்லை. நடும்போது 5 சென்ரிமீற்றருக்கு மேற்படாமல் பரப்ப வேண்டும். மரத்தின் தண்டோடு முட்டக் குவிக்கக் கூடாது. நல்ல மண் ஒரு லொறி இறக்கி ஓரடி உயரத்துக்குப் பரவினால் பிரச்சினை தீரும் என்று செய்தவர்கள் உண்டு. அதனால் வேர் மூச்சு முட்டி, நாலைந்து வருடத்தில் மரம் நுனியிலிருந்து காயத் தொடங்கும். மண்ணைப் புரட்டும் இயந்திரமும் இங்கே ஆகாது. அலவாங்கும் வேண்டாம். சிறு கைக்கரண்டியால் வேருக்கு வேர் நடுவே இடம் தேடி, அங்கே ஒரு குழி. பெருவிரல் மொத்தத்துக்கு மேற்பட்ட வேர் குறுக்கிட்டால் அதை வெட்டாமல் குழியைச் சற்று அப்பால் தள்ளவேண்டும்.

இனிச் செடிகள். ஒன்றே ஒன்றுதான் வாங்கக் காசிருக்கிறது என்றால், ஜெரேனியம் மேக்ரோரைசம் வாங்கவேண்டும். சன்னற் பெட்டிகளில் சிவப்பாகப் பூக்கும் ஜெரேனியம் வேறு. அதற்கு உண்மையான பெயர் பெலர்கோனியம், முதற் பனியிலேயே போய்விடும். இது போல்கன் மலைகளைச் சேர்ந்தது. ஓரடி உயரம். கசக்கினால் இலையில் ஒருவகை மருந்து வாசம். வைகாசியில் இளஞ்சிவப்பாகவோ வெள்ளையாகவோ பூக்கும். தடித்த கிழங்கு போன்ற தண்டு மண்ணின் மேலோடு ஊர்ந்து பரவி, களை முளைக்க இடம் விடாது. வறட்சியில் இலை சிவந்தாலும் சாகாது. ஒரு துண்டை இழுத்துப் பிடுங்கி வேறோர் இடத்தில் செருகினால் வேர் விடும். ஆகவே ஒருவர் வாங்கினால் ஒரு தெருவுக்கே காணும். ஒரு சதுர மீற்றருக்கு ஐந்தாறு செடி போதும்.

அடுத்தது எபிமீடியம். இதயம் போன்ற இலை, கம்பி போன்ற தண்டு, பங்குனியில் சின்னஞ்சிறு மஞ்சட் பூ. பரவுவது ஆமை வேகம், விலையும் சற்றுக் கூட. ஆனால் ஒருமுறை பிடித்துக்கொண்டால் பேரப்பிள்ளை காலத்துக்கும் இருக்கும். சீன வகைகளுக்கு ஈரம் வேண்டும், அவை வேண்டாம். பெரல்கிக்கம், வெர்சிகலர் என்ற பெயருள்ளவற்றைக் கேட்டு வாங்கவேண்டும். மாசி மாதத்தில் பழைய இலைகளைக் கத்தரித்துவிட்டால்தான் பூ கண்ணுக்குத் தெரியும். மாசி கடந்தால் பூ மொட்டையும் சேர்த்து வெட்டிவிட நேரும்.

வின்கா மைனர், இங்கே பெரிவிங்கிள் என்பார்கள், நம்மூர் நித்திய கல்யாணியின் உறவு. நித்திய கல்யாணிக்கும் முன்னர் வின்கா என்றே பெயர் இருந்தது. நீலப்பூ, சித்திரை வருடப் பிறப்பை ஒட்டிப் பூத்திருக்கும். சுவாமி அறையில் ஒரு கிண்ணத்து நீரில் மிதக்கவிட ஏற்றது. கொடி ஊர்ந்து போகும் கணுவிலெல்லாம் வேர் விடும். வின்கா மேஜர் என்ற பெரிய வகை வளவையே விழுங்கிவிடும். சிறிய வளவுகளுக்கு அது ஆகாது.

சைக்ளமென் ஹெடெரிஃபோலியம் கெட்டிக்காரச் செடி. மண் முற்றாக வறண்டு கிடக்கும் கோடையில் அது கிழங்காக உறங்கிவிடும். நவராத்திரி கிட்டும் நாட்களில் இலை வருமுன்னே இளஞ்சிவப்புப் பூ எழும்பும். பிறகு வெள்ளிக்கோலம் போட்டது போன்ற இலை விரிந்து, மரம் இலையுதிர்த்து நிற்கும் குளிர்காலம் முழுவதும் வெளிச்சத்தை வாங்கிக்கொள்ளும். விதையை எறும்புகள் எடுத்துச் சென்று பரப்பும். காய்ந்த கிழங்காக வாங்காமல் சட்டியில் இலையோடு வாங்குவது நல்லது. காய்ந்தவற்றிற் பல முளைப்பதில்லை. தைப்பொங்கலை அடுத்துப் பூக்கும் சினோடிரொப்பும் இதே வித்தை தெரிந்ததுதான்.

யூஃபோர்பியா ரொபியே என்பதை மிக வறண்ட மூலையிலும் நம்பி வைக்கலாம். மேரி ஆன் ரொப் என்ற சீமாட்டி 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துருக்கியிலிருந்து தமது தொப்பிப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். அதனால் ரொப் சீமாட்டியின் தொப்பி என்றே ஆங்கிலத்தில் பெயர். சேலை மடிப்புக்குள் முருங்கை விதை கொண்டுவந்த நம்முடைய மாமிமாருக்கு இந்தச் சீமாட்டியைப் பிடிக்கும். (இன்று செடி கொண்டுவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும், யாரும் முயல வேண்டாம்.) இது கள்ளியின் சாதி. வெட்டினால் வரும் பால் கள்ளிப்பாலேதான். தோலில் பட்டால் புண்ணாக்கும். கண்ணிற் பட்டால் ஆபத்து. கையுறையில்லாமற் தொடக் கூடாது.

ஐரிஸ் ஃபொட்டிடிசிமா இந்த நாட்டுக்கே உரியது. பூ மங்கல், ஆனால் கார்த்திகையில் காய் வெடித்துச் செம்மஞ்சள் முத்துப் போல விதை தெரியும். இலையைக் கசக்கினால் வறுத்த மாட்டிறைச்சி மணக்கும் என்று ஆங்கிலேயர் அதற்கு அப்படியே பெயரும் வைத்திருக்கிறார்கள். கசக்காவிட்டால் மணம் இல்லை. சைவ வீட்டிலும் தாராளமாக வளர்க்கலாம். பன்னங்களில் டிரையொப்டெரிஸ் ஃபிலிக்ஸ்மாஸ் என்பது வறட்சியைத் தாங்கும். மற்றவை பெரும்பாலும் ஈரம் கேட்கும். ஒன்றுமே வராத இடத்துக்கு ஐவி இருக்கிறது. வெள்ளிக்கோடு போட்ட மஞ்சட்பூ லேமியம் வேகமாக மூடும் என்று சிலர் துண்டு கொடுப்பார்கள்; வாங்காமலிருப்பது நல்லது. காட்டில் பரவிக் கேடு செய்வதால் அதை வெளியில் நடுவதும் பரவவிடுவதும் 2010 முதல் சட்டப்படி குற்றம்.

துளசி, மல்லிகை, புதினா, கீரை வகை எதுவும் இங்கே வராது. பலர் முயன்றுவிட்டார்கள். அவற்றுக்கு வெயிலுள்ள மதிலோரம் வேண்டும். லேலண்டியின் தண்டை ஒட்டிய முதல் ஒரு மீற்றரிலும், பெரிய பீச் மரத்தடியிலும் எதையும் நடாமல் சருகை மட்டும் விட்டுவிடுவதே புத்தி. காசு மிஞ்சும்.

நடும் காலம் ஐப்பசி. கோடைச் சூடு மண்ணில் இன்னும் இருக்கும், மழையும் தொடங்கியிருக்கும், இலை விழுவதால் அந்த மழை நேரே நிலத்துக்கு வரும். சித்திரையில் நட்டால் வேர் பிடிக்குமுன்னே மரம் இலை விரித்துத் தண்ணீரைப் பறித்துவிடும். பெரிய சட்டிச் செடிக்குப் பெரிய குழி வேண்டும், வேர்களுக்கு நடுவே அதற்கு இடமில்லை. ஆகவே 9 சென்ரிமீற்றர் சட்டியில் உள்ள சிறு செடியே நல்லது, மலிவும்கூட. நடுமுன் சட்டியோடு வாளித் தண்ணீரில் குமிழி நிற்கும் வரை அமிழ்த்தி எடுக்கவேண்டும். முதல் இரண்டு கோடையும் கிழமைக்கு ஒருமுறை பூவாளியால் மெதுவாக, ஆழம்வரை ஊறத் தண்ணீர் விடவேண்டும். தினமும் தெளிப்பது வீண். அது மேல்மண்ணை நனைத்துவிட்டு ஆவியாகிவிடும். 2022 ஆகஸ்டில் இலண்டன் பகுதியில் ஹோஸ் குழாய்க்குத் தடை வந்தபோதும் பூவாளிக்குத் தடை இருக்கவில்லை. அரிசி, பருப்புக் கழுவிய தண்ணீரை உப்புச் சேருமுன் இங்கே ஊற்றலாம். நம் வீடுகளில் அதற்குக் குறைவில்லை. மூன்றாம் வருடத்திலிருந்து கவலை குறையும். அதுவரையில் நட்டதில் நாலில் ஒன்று போனாலும் மனம் தளரத் தேவையில்லை; பிழைத்தவற்றிலிருந்து பிடுங்கி இடைவெளியை நிரப்பலாம்.

சிறு பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிழலில் வளரும் செடிகளிற் பல நச்சுத்தன்மை உள்ளவை. ஐரிஸ் விதை இனிப்புப் போலத் தெரியும். ஐவிப் பழம், வின்கா, சைக்ளமென் கிழங்கு, இந்தப் பகுதியில் சிபாரிசு செய்யப்படாத லிலி ஒஃப் த வலி எல்லாம் வயிற்றுக்கு ஆகாதவை. சினோடிரொப் கிழங்கு சின்ன வெங்காயம் போலவே இருக்கும். அதைச் சமையலறை மேசையில் ஒருபோதும் வைக்கக் கூடாது, கண் பார்வை குறைந்த பெரியவர்கள் உள்ள வீட்டில் முக்கியமாக. பிள்ளை எதையாவது தின்றுவிட்டால் வாந்தி எடுக்கவைக்க வேண்டாம். 111க்கு அழைத்துக் கேட்டு, செடியின் ஒரு துண்டையும் எடுத்துவைக்க வேண்டும். மயக்கமோ மூச்சுத்திணறலோ கண்டால் 999. தவழும் வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் ஜெரேனியமும் எபிமீடியமும் பன்னமும் மட்டும் போதும். மற்றவை பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபின் வரலாம்.

ஹரோ வீட்டு ஜெரேனியம் இப்போது சிக்கமோரைச் சுற்றி ஆறு சதுர மீற்றர் பரவியிருக்கிறது. இந்த ஐப்பசியில் தாயார் அதில் ஒரு பகுதியைப் பிடுங்கிக் கொடுக்க இருக்கிறார். துண்டு வேண்டிய அன்பர்கள் வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வரும்போது ஈரத்தாளும் ஒரு பையும் கொண்டுவந்தாற் சரி. அன்றிரவே நடமுடியாவிட்டால் வாளியில் ஈரமண் போட்டு நாலு நாள் வைத்திருக்கலாம்.